பத்து நிமிடத்தில் பதில்

நாற்பதாயிரம் பேர் தன் முகத்தைப் பார்த்துவிட்டார்கள் என்றால் ஒரு மனுசனுக்குத் தலை கனக்குமா, கனக்காதா? சுருளிராஜனுக்குக் கனத்தது. அவனைக் குறை சொல்லி என்ன செய்ய? தேனி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர், "நீங்கதான அந்தப் பூக்காவல் தம்பி?" என்று கேட்டு, அவன் குடித்த டீக்கும் சேர்த்துத் தானே காசு கொடுத்துவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க அவன் கால் தரையில் பாவவில்லை. அந்த மிதப்பு இறங்குவதற்குள்தான் சனிக்கிழமை காலை ஏழரைக்கு அக்கா மகாலட்சுமியிடமிருந்து போன் வந்தது.

"சுருளி, தோட்டத்துக்கு வா."

"என்னக்கா, என்ன விசயம்?"

"வந்து பாரு."

அவ்வளவுதான், வைத்துவிட்டாள். மகாலட்சுமி போனை எடுத்தால் சாப்பிட்டியா, என்ன குழம்பு, பிள்ளைக்கு இருமல் விட்டுச்சா, மாமியாருக்கு முட்டிவலி எப்படி என்று ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் விசயத்துக்கு வருவாள். இன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. என்னமோ சரியில்லையே என்று நினைத்துக்கொண்டே அவன் பைக்கை எடுத்தான்.

சுருளிராஜன் தளிர்மதி அக்ரோ என்ற மருந்துக் கம்பெனியில் பீல்டு ஆபீசர். திராட்சைக்கும் வாழைக்கும் தக்காளிக்கும் மருந்து செய்கிற கம்பெனி அது. தேனியில் ஆபீஸ், ஆனால் இவன் பொழுது போவதெல்லாம் கம்பம், காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி என்று திராட்சைப் பந்தலுக்கு அடியில்தான். ஏழு வருசம். இலையைத் திருப்பிப் பார்த்து, "இப்ப அடிக்காதீக, நாலு நாள் பொறுங்க" என்று இவன் சொன்னால் சனம் பொறுக்கும். கம்பெனி விற்கச் சொன்ன மருந்தையே, "இது நம்ம மண்ணுக்கு வேணாம் மாமா" என்று ரகசியமாகச் சொல்லி நிறுத்தியிருக்கிறான். அப்படிச் சேர்ந்த பேர் அவனுக்கு.

அந்தப் பேரின் மேல்தான் கம்பெனியின் கண் விழுந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் கோயம்புத்தூர் தலைமை ஆபீசிலிருந்து பிரின்ஸ் என்று ஒரு டிஜிட்டல் மேனேஜர் வந்து இறங்கினான். தேனியில் ஒரு ஓட்டல் ஹாலில் நாற்பது ஊழியர்களையும் உட்காரவைத்து, ஆளுக்கு ஒரு பச்சை பனியனும் இரண்டு வடையும் கொடுத்து, மைக்கைப் பிடித்தான்.

"டிவியில ஒரு நடிகை வந்து மருந்து பாட்டிலைக் காட்டினா எவனும் நம்ப மாட்டான். ஆனா உங்க முகத்தைப் பார்த்தா நம்புவான். உங்க ஒவ்வொருத்தர் போன்லயும் ஐந்நூறு சொந்தம் இருக்கு. அந்த நம்பிக்கையைக் கம்பெனிக்குக் கொண்டு வாங்க. இனிமே நீங்க வெறும் ஊழியர் இல்ல, பிராண்ட் அம்பாசடர்!"

சொந்தக்காரன் உன்மேல் வைத்திருக்கிற நம்பிக்கையை எடுத்துக்கொண்டுவந்து இங்கே கொட்டு என்று ஒருத்தன் மைக்கில் கேட்கிறான், இவர்களும் கை தட்டுகிறார்கள்! நாற்பது பேரில் ஒருத்தருக்காவது சுருக்கென்று பட்டிருக்க வேண்டாமா? படவில்லை. வடை வேறு சூடாக இருந்தது.

அதற்குப் பிறகு எல்லாமே பாயிண்டுதான். ஸ்டேட்டஸ் வைத்தால் பாயிண்டு, வீடியோ போட்டால் பெரிய பாயிண்டு, வீடியோவுக்குக் கீழே யாராவது கேள்வி கேட்டு அதற்குப் பத்து நிமிடத்துக்குள் பதில் சொன்னால் அதற்கும் பாயிண்டு. தினம் காலையில் யார் முன்னால், யார் பின்னால் என்ற பட்டியல் எல்லோர் போனுக்கும் வரும். மாதக் கடைசியில் முதல் ஆளாக நிற்பவனுக்கு ஏரியா மேனேஜர் பதவி. சுருளிராஜன் பதினொன்றாவது இடத்திலிருந்து ஆறுக்கு வந்தான், ஆறிலிருந்து மூன்றுக்கு வந்தான். பல் விளக்கும்போதுகூட அந்தப் பட்டியலைத்தான் பார்த்தான்.

அப்போதுதான் பூக்காவல் மருந்து புது பாட்டிலில் வந்தது. திராட்சையில் பூ உதிராமல் பிஞ்சு பிடிப்பதற்கு அடிக்கிற மருந்து அது. பழைய பாட்டில் ஒல்லியாக, கழுத்து நீண்டு இருக்கும். புதியது குட்டையாக, வாய் அகலமாக, கைக்கு அடக்கமாக இருந்தது. "இதை வச்சு ஒரு வீடியோ போடுங்க ப்ரோ. எழுதிக் கொடுத்ததைப் படிக்காதீங்க, உங்க பாசையில பேசுங்க" என்றான் பிரின்ஸ்.

பேசினான். செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பச்சை பனியனைப் போட்டுக்கொண்டு, ஒரு பந்தலுக்கு அடியில் நின்று, முதுகில் மாட்டுகிற பதினாறு லிட்டர் ஸ்பிரேயர் டேங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசினான்.

"மாமா, மச்சான், அத்தை, அக்கா எல்லாரும் கேளுங்க! பாட்டில்தான் புதுசு, மருந்து அதே மருந்துதான். எப்பவும் போல டேங்குக்கு ரெண்டு மூடி. இந்தா பாத்துக்கங்க, ஒண்ணு... ரெண்டு! சந்தேகமா? கீழ கேளுங்க. பத்து நிமிசத்துல பதில் சொல்லுவான் உங்க சுருளி!"

ஒண்ணு, ரெண்டு என்று சொல்லும்போது மூடியை நிறைத்து, கையைத் தூக்கி, உயரத்திலிருந்து டேங்குக்குள் ஊற்றிக் காட்டினான். ஒரு சொட்டு வெளியில் சிந்தவில்லை. அந்த ஒரு ஸ்டைலுக்கே வீடியோ பறந்தது.

இந்த மூடிக் கணக்கு இந்தப் பக்கத்து வழக்கம். பாட்டில் பெட்டிக்குள் அளவுக்கென்று ஒரு பிளாஸ்டிக் குப்பி வரத்தான் செய்கிறது. ஆனால் அது முதல் நாளே பிள்ளைகள் கைக்குப் போய்விடும். பாட்டிலில் மில்லியில் எழுதியிருப்பது எறும்பு அளவு எழுத்து, மருந்து நனைந்த கையோடு வெயிலில் நின்று அதை யார் படிப்பது? பாட்டிலோடு இருக்கிற மூடிதான் அளவு. டேங்குக்கு ஒரு மூடி, ரெண்டு மூடி, ஒண்ணரை மூடி. வீடு வீடாகப் போய் அதைச் சொல்லிக்கொடுத்தவனே சுருளிராஜன்தான். புது பாட்டிலைக் கையில் வாங்கியபோது அவன் அதன் படத்தைப் பார்த்தான், நிறத்தைப் பார்த்தான், வீடியோவில் எப்படித் தெரியும் என்று பார்த்தான். மூடியைப் பார்க்கவில்லை.

மறுநாள் கேள்விகள் வந்து குவிந்தன. அன்றைக்கு முழுக்க தேனியில் மீட்டிங். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து டைப் அடித்தால் பத்து நிமிடம் தாண்டிவிடுமே! அதற்கும் பிரின்ஸ் ஒரு வழி வைத்திருந்தான். போனில் 'ந' என்று இரண்டு தடவை தட்டினால் போதும், முழுப் பதிலும் தானாக வந்து விழும்: 'நன்றி உறவே! பூக்காவல் இருக்க பயம் எதுக்கு? நம்பி அடிங்க!' கூடவே ஒரு பச்சை இதயம். சுருளிராஜன் மேசைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு தட்டினான், பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே தட்டினான். ஒரே நாளில் நூற்று நாற்பது பதில். வியாழக்கிழமை காலைப் பட்டியலில் முதல் பெயர் அவனுடையது.

இந்தச் சனிக்கிழமையும், அக்கா அந்தக் குரலில் கூப்பிட்டுப் போகிற வழியிலும், சின்னமனூரில் வண்டியை ஓரங்கட்டிப் பதினோரு பேருக்குப் பதில் போட்டுவிட்டுத்தான் கிளம்பினான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

காமயகவுண்டன்பட்டிக்குக் கிழக்கே மகாலட்சுமியின் தோட்டம், ஒன்றரை ஏக்கர். புருசன் செத்து நாலு வருசம். அப்போதே அவருடைய தம்பி சின்னச்சாமி, "மதினிக்குத் திராட்சை வேலை என்ன தெரியும், தோட்டத்தை நாங்க பாத்துக்கிறோம்" என்று வந்து நின்றான். மகாலட்சுமி விட்டுக்கொடுக்கவில்லை. நோய் விழுந்த பழைய கொடிகளை வேரோடு தோண்டிப் போட்டுவிட்டு, புதுசாகப் பன்னீர்த் திராட்சை நட்டாள். இரண்டு வருசம் பந்தலுக்கு அடியிலேயே கிடந்தாள். சின்னச்சாமியின் வாய் ஓயவில்லை. கடைசியில் ஊரில் நாலு பேரை வைத்துப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதல் காப்பு நல்லபடியாக வந்தால் தோட்டம் மகாலட்சுமி கையிலேயே இருக்கும், அப்புறம் எவரும் கேட்கக் கூடாது. அவள் கைத்தப்பினால் காப்பு போனால் சின்னச்சாமி எடுத்து நடத்துவான். அந்த முதல் காப்புதான் இப்போது பூவிலிருந்து பிஞ்சாகிற நேரம்.

சுருளிராஜன் வரப்பில் வண்டியை நிறுத்திவிட்டுக் குனிந்து பந்தலுக்குள் நுழைந்தான். நுழைந்தவன் நிமிரவே இல்லை.

கருகிப் போயிருந்தது. பத்து நாளைக்கு முன்னால் வந்தபோது பச்சைப் பசேல் என்று தொங்கிய பூங்கொத்துகள் எல்லாம் காபிப் பொடி நிறத்தில் சுருண்டு கிடந்தன. இந்தக் கொடி, அந்தக் கொடி என்று இல்லை, பந்தல் முழுக்க. ஒரு கொத்தைத் தொட்டான். தொட்டதுதான் தாமதம், பொலபொலவென்று அவன் பச்சை பனியன் மேல் உதிர்ந்தது. இன்னொன்றைத் தொட்டான், அதுவும் உதிர்ந்தது. ஏழு வருசத்தில் எத்தனையோ நோயைப் பார்த்தவன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"ஐயோ அக்கா, என்ன இது?" என்றான்.

மகாலட்சுமி ஒரு கல்தூணில் சாய்ந்து நின்றாள். அழுது முடித்த முகம். அவளுக்குப் பக்கத்தில் சின்னச்சாமி, கையைக் கட்டிக்கொண்டு.

"என்ன இதுவா? நான் சொல்றேன் மச்சான்" என்றான் சின்னச்சாமி. "அளவு தெரியாம மருந்தை ஊத்திப்புட்டாக. வியாழக்கிழமை காலையில அடிச்சிருக்காக, நேத்துப் பொழுது சாயவே கருக ஆரம்பிச்சிருச்சு. இதுக்குத்தான அன்னைக்கே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்?"

"எந்த மருந்து?"

"ஓம் மருந்துதான்" என்றாள் மகாலட்சுமி. "பூக்காவல்."

"எத்தனை ஊத்துன?"

"நீ சொன்ன ரெண்டு மூடி."

சுருளிராஜனுக்குக் கோபம் வந்தது. பயந்துபோனவனுக்கு வருமே, அந்தக் கோபம். "ரெண்டு மூடிக்கு இப்படிக் கருகாதுக்கா! ஏழு வருசமா ரெண்டு மூடிதான் ஊத்திக்கிட்டிருக்காக. நெசத்தைச் சொல்லு, எத்தனை ஊத்துன? பவரா இருக்கட்டும்னு கூட ரெண்டு ஊத்துனியா?"

அவள் சாய்ந்திருந்த தூணைக் காட்டினாள். தூணில் ஒரு சணல் கயிறு, கயிற்றின் முனையில் பூக்காவலின் பழைய மூடி. பழைய கொடிகளுக்கு அடித்த பாட்டில் காலியாகி எறிந்த பிறகும் அளவுக்காக அதைத் துளை போட்டுக் கட்டி வைத்திருந்தாள். அடியில் கிடந்த புது பாட்டிலின் மூடியைத் திருகி எடுத்து, குடத்துத் தண்ணீரை அதில் நிறையப் பிடித்தாள். பிடித்த தண்ணீரைப் பழைய மூடியில் ஊற்றினாள். பழைய மூடி நிறைந்தது. கொட்டிவிட்டு மறுபடியும் ஊற்றினாள். மறுபடியும் நிறைந்தது. அப்புறமும் புது மூடியில் தண்ணீர் இருந்தது. அதையும் ஊற்றினாள், பழைய மூடியில் பாதிக்கு வந்தது.

சுருளிராஜன் புது மூடியை வாங்கினான். பழைய மூடிக்குள் சுண்டுவிரல்தான் போகும். இதற்குள் அவனுடைய கட்டைவிரல் சுலபமாகப் போய் உட்கார்ந்தது. இரண்டரை மடங்கு! மூடியை நிறைத்து, கையைத் தூக்கி, ஒண்ணு, ரெண்டு என்று அவன் ஊற்றிக் காட்டியது இரண்டரை மடங்கு மருந்து. நாற்பதாயிரம் பேர் பார்க்க! அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

ஆனால் மனுசப் புத்தி இருக்கிறதே, அது சும்மா கிடக்காது. தப்பு தன்மேல் வந்து உட்காரப்போகிறது என்று தெரிந்தால் தள்ளிவிட ஒரு ஆளைத் தேடும். அவனும் தேடினான், எதிரில் இருந்தது அக்காதான்.

"மூடி பெருசுன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றான். "அளந்து பாத்திருக்க. அப்புறமும் ஏன்க்கா ஊத்துன? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கூடப் பொறந்தவன், இந்த மருந்தை விக்கிறவன், ஒரு வார்த்தை கேக்க உனக்கு என்ன?"

சின்னச்சாமியும் சேர்ந்துகொண்டான். "அதானே, கேக்கணும்ல மதினி!"

மகாலட்சுமி தம்பியின் முகத்தையே பார்த்தாள். "கேட்டேன்" என்றாள்.

"எப்ப?"

"புதன்கிழமை. ரெண்டு தடவை போன் அடிச்சேன். ரெண்டு தடவையும் கட் பண்ணிட்ட, மீட்டிங்னு மெசேஜ் வந்துச்சு. சரி, அவன்தான் வீடியோவுல சொல்லியிருக்கானே, கீழ கேளுங்க, பத்து நிமிசத்துல பதில்னு. அங்கன கேட்டா அவன் வேலையும் கெடாதுன்னு அங்கனயே கேட்டேன்."

"நீயா? நீ எங்க கேட்ட?"

"எம்மக ஒரு கணக்கு ஆரம்பிச்சுக் குடுத்திருக்கா. ரோசாப்பூ படம் போட்டு. ஓன் வீடியோவைப் பாக்கத்தான் ஆரம்பிச்சேன்."

சுருளிராஜன் போனை எடுத்தான். அவசரத்தில் விரல் தவறிப் பட்டு வீடியோ இரண்டு தடவை தானாக ஓடியது. ஒண்ணு... ரெண்டு! என்று அவன் குரலே அந்தக் கருகிய பந்தலுக்கு அடியில் கேட்டது. கீழே இறங்கிக்கொண்டே போனான். சூப்பர் மச்சி, விலை என்ன, அருமை, எங்க கிடைக்கும், சூப்பர். எண்பது தொண்ணூறு தாண்டி அந்த ரோசாப்பூ வந்தது.

'மூடி பெருசா இருக்கே தம்பி. பழைய மூடி மாதிரி ரெண்டரை வருது. அதே ரெண்டு மூடிதானா இல்ல கொறைக்கணுமா. பாத்து சொல்லுப்பா.'

அதற்குக் கீழே, நாலே நிமிடத்தில், அவன் பெயரில், பச்சை பனியன் போட்ட அவன் படத்தோடு பதில் இருந்தது.

'நன்றி உறவே! பூக்காவல் இருக்க பயம் எதுக்கு? நம்பி அடிங்க!' பக்கத்தில் பச்சை இதயம்.

தன் கண்ணையே அவன் நம்பவில்லை. மறுபடி படித்தான். கேள்வியில் என்ன குறை? அளந்து, கணக்குப் பார்த்து, புள்ளி வைத்துக் கேட்டிருக்கிறாள். பத்து வருசம் அனுபவம் உள்ள குடியானவன்கூட இவ்வளவு தெளிவாகக் கேட்க மாட்டான். அதை அவன் படிக்கவே இல்லை. பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டு 'ந'வை இரண்டு தடவை தட்டியிருக்கிறான். அடப்பாவி, கூடப் பிறந்தவள் தம்பி என்று கூப்பிட்டுக் கேட்டதற்கு, உறவே என்று பதில் போட்டிருக்கிறான்!

"மருந்தைத் தண்ணியாக்கிட்டாக போல, அதான் மூடியைப் பெருசாக்கியிருக்காகன்னு நெனச்சேன்" என்றாள் மகாலட்சுமி. "நம்பி அடிங்கன்னு நீ சொன்ன பெறகு நான் என்ன யோசிக்க?"

அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

அந்த நேரம் பார்த்து வரப்பில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. பக்கத்துத் தோட்டத்துக்காரர், உத்தமபாளையம் பக்கீர் முகம்மது. தோட்டத்துப் பேச்சு நடந்தபோது உட்கார்ந்திருந்த நாலு பேரில் அவரும் ஒருவர்.

"மாப்ள, உன் வண்டி நின்னுச்சேன்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே குனிந்து நுழைந்தார். "உன் மருந்தைத்தான் இன்னைக்கு அடிக்கிறோம், டேங்கு ரொப்பிக்கிட்டு இருக்கானுக..." சொல்லிக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். "யா அல்லா! என்னத்தா இது? என்ன ஆச்சு?"

"மாமா!" சுருளிராஜன் எழுந்த வேகத்தில் தலை பந்தல் கம்பியில் இடித்தது. "நிப்பாட்டச் சொல்லுங்க. அடிக்க வேணாம். போனைப் போடுங்க மாமா, வெரசா!"

அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. போனைப் போட்டார். "ஏலே, நிப்பாட்டுங்கடா! ஒரு சொட்டு விழக் கூடாது. கலந்ததையும் தொடாதீக, நான் வர்றேன்" என்று கத்திவிட்டு, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். மூன்று ஏக்கர் அவருக்கு, எல்லாம் பூவில் நின்றது.

இவருக்குச் சொல்லியாயிற்று, மற்றவர்களுக்கு? நாற்பதாயிரத்தில் பந்தல் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், இந்த நிமிடம் மூடியைத் திருகிக்கொண்டிருப்பவர்கள் எத்தனை பேர்? அப்போது கையிலிருந்த போன் அடித்தது. பிரின்ஸ். அவசரத்தில் விரல் எங்கேயோ பட்டு ஸ்பீக்கரில் விழுந்துவிட்டது.

"ப்ரோ, காலையில இருந்து மூணு கம்ப்ளைண்ட். பூ கருகுதாம். நீங்க பதறாதீங்க. முதல்ல அந்த வீடியோவை அழிச்சிடுங்க, இப்பவே. அப்புறம் புதுசா ஒண்ணு போடணும். நல்லா இருக்கிற பந்தலா பார்த்து நில்லுங்க. லேபிள்ல மில்லியில தெளிவா இருக்கு, சில விவசாயிகள் படிக்காம மூடியால தப்பா அளந்துட்டாங்க, கம்பெனி பொறுப்பில்லன்னு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவாங்க. உங்க முகத்துக்குத்தான் அந்த மரியாதை."

"தப்பா அளந்தாங்களா?" என்றான் சுருளிராஜன். "மூடியை ஊத்திக் காட்டுனது நான்தான சார்."

"அதனாலதான் அழிக்கச் சொல்றேன். பத்து நிமிசத்துல நடக்கணும். இல்லைன்னா உங்க வேலைக்கு நான் பொறுப்பில்ல ப்ரோ."

போன் அணைந்தது. சின்னச்சாமி ஒரு எட்டு முன்னால் வந்தான். அவன் முகத்தில் ஒரு தெளிவு. "கேட்டுக்கங்க பாய். கம்பெனிக்காரனே சொல்லிட்டான், படிக்காம அளந்தது தப்புன்னு. பேசுனபடி பேசுறதுதான் முறை. மதினி கைத்தப்பு."

சுருளிராஜன் அதைக் காதில் வாங்கவில்லை. அவன் மனசில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. இந்த வீடியோ இருக்கும்வரை ஒவ்வொரு நிமிடமும் யாரோ பார்ப்பார்கள், பார்த்து ஊற்றுவார்கள். பிரின்ஸ் எதற்குச் சொன்னாலும் சரி, இது முதலில் தொலைய வேண்டும். மூன்று புள்ளியைத் தொட்டான். அழிக்கவா என்று போன் கேட்டது.

"அழிச்சிராத சுருளி."

மகாலட்சுமி அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். இவ்வளவு நேரமும் இல்லாத பதற்றம் இப்போதுதான் அவள் முகத்தில் வந்திருந்தது.

"அக்கா, இது இருந்தா இன்னும் நாலு பேரு..."

"அதுலதான் நான் கேட்டது இருக்கு" என்றாள். "அதை அழிச்சா நான் கேட்டதும் போயிரும்ல. நாளைக்கு எல்லாரும் என்ன சொல்லுவாக? ஒண்ணும் தெரியாத பொம்பளை, கண்ணை மூடிக்கிட்டு ஊத்துனாள்னுதான சொல்லுவாக? பூ போச்சு. போனது போகட்டும். நான் அளந்து பாத்தேன்டா. கேட்டேன்டா. அது ஒண்ணுதான் எங்கிட்ட இருக்கு."

சுருளிராஜன் அப்படியே நின்றான். பெருவிரலுக்கு ஒரு நூல் தூரத்தில் அந்தச் சிவப்பு எழுத்து. அவன் மட்டும் ஒரு நொடி முந்தியிருந்தால்! கருகிய பூவுக்கு மேலே இவளுடைய கேள்வியையும் சேர்த்துக் கருக்கியிருப்பான்.

வேண்டாம் என்பதைத் தொட்டான். பிறகு கீழே இறங்கி அந்த ரோசாப்பூவைத் தேடி, விரலை அதன் மேல் அழுத்திப் பிடித்தான். எது எதற்கோ கற்றுக்கொடுத்த பிரின்ஸ் இதையும் கற்றுக்கொடுத்திருந்தான். பாராட்டி யாராவது எழுதினால் அதை எடுத்து எல்லாவற்றுக்கும் மேலே குத்தி வைக்கலாம், வருகிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும். சுருளிராஜன் அக்காவின் கேள்வியை எடுத்து மேலே வைத்தான். பச்சை இதயம் போட்ட பதிலையும் அழிக்கவில்லை, அது அப்படியே கூட வந்தது. வீடியோவுக்கு அடியில் எழுதியிருந்த விளம்பர வரியை அழித்துவிட்டு, 'இதில் நான் காட்டும் அளவு தப்பு. யாரும் அடிக்காதீங்க. கீழே முதல் கேள்வியைப் படிங்க' என்று எழுதினான். அவனுடைய அத்தனை விவசாயக் குரூப்பிலும் வாயாலேயே பேசி அனுப்பினான். நான் சுருளி பேசுறேன், பூக்காவலைக் கையால தொடாதீக, நான் சொன்னது தப்பு, பக்கத்துத் தோட்டத்துக்கும் ஓடிப்போய்ச் சொல்லுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

பக்கீர் முகம்மது தன் போனில் அந்த வீடியோவைத் திறந்திருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதலில் இருந்த கேள்வியைச் சத்தமாக வாசித்தார். மூடி பெருசா இருக்கே தம்பி. பழைய மூடி மாதிரி ரெண்டரை வருது. பதிலையும் வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"சின்னச்சாமி, கைத்தப்புன்னாத்தான் தோட்டம் கைமாறும்னு பேசுனோம். நானும் உக்காந்திருந்தேன். எங்க வீட்டுல இருவது பாட்டில் இருக்கு. நான் மூடியைப் பாக்கல. எங்காளுக பாக்கல. கம்பெனிக்காரன் பாக்கல. இந்த ஆத்தா ஒருத்திதான் பாத்திருக்கு. இது கைத்தப்பா?"

சின்னச்சாமி தூணில் தொங்கிய பழைய மூடியை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வரப்பேறிப் போனான், யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

பிரின்ஸ் அடித்துக்கொண்டே இருந்தான். சுருளிராஜன் எடுக்கவில்லை. ஏரியா மேனேஜர் பதவி போகட்டும், இருக்கிற வேலையே போய்விட்டது என்று அவனுக்குத் தெரியும். அதைப் பற்றிப் பிறகு பயந்துகொள்ளலாம். இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அக்காவுக்குப் பத்தடி தள்ளி, வரப்பில் குத்தவைத்து உட்கார்ந்து, அவளுடைய கேள்விக்கு அடியில் விரலை வைத்தான். பழக்கதோசத்தில் விரல் 'ந'வுக்குப் போனது. இழுத்துக்கொண்டான். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தான், நேரம் ஆனால் ஆகட்டும் என்று அடித்தான்.

'இல்லக்கா. ரெண்டு மூடி ஊத்தக் கூடாது. புது மூடி பழைய மூடியைவிட ரெண்டரை மடங்கு பெருசு. நீ அளந்ததுதான் சரி. டேங்குக்குப் பத்து மில்லிதான், மூடியால அளக்காதீக. நான் மூடியைப் பாக்காம வீடியோ போட்டேன். நீ கேட்டதைப் படிக்காமப் பதில் போட்டேன். தப்பு என்னோடது. சுருளிராஜன்.'

அனுப்பினான்.

மகாலட்சுமியின் இடுப்பில் செருகியிருந்த போன் ஒரு தடவை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உதடு அசைய மெதுவாகப் படித்தாள், முடிந்ததும் திரும்பவும் முதலிலிருந்து படித்தாள். பிறகு பக்கீர் முகம்மது பக்கம் திரும்பினாள்.

"இப்பத்தான் பதில் வருது" என்றாள்.